காலியாகக் கிடந்த ஜூரி பெஞ்சு

யூனா: இன்னொரு ரொட்டி எடுத்துக்கோடா மாலக்கி. ஜெயில்ல எலும்பா போயிட்ட.

மாலக்கி: போதும்மா. காலையில கைதி, சாயங்காலம் அம்மா கையால டீ! அந்த ஜட்ஜோட விக்கைப் பாத்தியா? ஆட்டுக்குட்டி தலையில ஏறிப் படுத்த மாதிரி...

யூனா: அவரைப் பாத்துச் சிரிக்காதே.

மாலக்கி: சரி, சரி...

யூனா: தீர்ப்பு சொல்ற ஜூரி பன்னெண்டு பேர் உட்கார்ற பெஞ்சு காலியாவே கிடந்துச்சு. நம்ம பெல்ஃபாஸ்ட்டுல ஜூரியை மிரட்டிடுவாங்கன்னு எடுத்துட்டாங்க. இந்த ஜட்ஜை மட்டும் மிரட்ட மாட்டாங்களா? வாசல்ல துப்பாக்கியோட காவல்... உள்ள ஒத்தை ஆளு. எல்லாத்தையும் அவரே கேட்டு, அவரே எடை போட்டு...

மாலக்கி: அதான் விடுதலை பண்ணிட்டாரே!

யூனா: ஆலைக் காவல்காரர் கில்லனைச் சுட்டது நீதான்னு நீ குடுத்த வாக்குமூலம்... முழுசும் கேட்டாரு.

மாலக்கி: போலீஸ் தூங்க விடாம வாங்கினதும்மா அது! செல்லாதுன்னு அவரே...

யூனா: சொன்னாரு. ஜூரி இருந்தா அவங்களை வெளிய அனுப்பிட்டுத்தான் அது செல்லுமான்னு படிச்சுப் பாப்பாங்களாம், வக்கீல் சொன்னாரு. இவரு எங்கடா போவாரு? தன்னையே வெளிய அனுப்பிக்க முடியுமா?

மாலக்கி: டீ ஆறுதும்மா...

யூனா: ‘கேட்டதை மனசுலேர்ந்து இறக்கி வெச்சுட்டேன். மிச்ச சாட்சியை வெச்சு இந்தப் பையனைத் தண்டிக்க முடியாது’ன்னாரு. காரணம் காரணமா வாசிச்சாரே... அதையும் கில்லன் பொண்டாட்டியை நேராப் பார்த்துத்தான் வாசிச்சாரு.

மாலக்கி: அந்தம்மா... அழுதாங்களா?

யூனா: இல்ல. எழுந்து நின்னு கேட்டா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. சர்ச் பூசையில கூட எனக்கு அப்படி ஆனதில்ல.

மாலக்கி: நீ யார் பக்கம்மா?

யூனா: உன் பக்கந்தான், வேற யார் பக்கம்... அந்த மனுசனால முடிஞ்சிருக்கு. என்னால முடியுமான்னுதான் பாக்கிறேன்.

மாலக்கி: எது?

யூனா: கேட்டதை இறக்கி வெக்க. ‘சுடும்போது போட்டிருந்த கோட்டை எங்க வீட்டு அடுப்புல எரிச்சேன்’னு அதுல இருந்துச்சே...

மாலக்கி: அது அவங்களா எழுதிக்கிட்டதும்மா! வந்து சாம்பலைக் கூடக் கிளறிப் பாத்தாங்கல்ல? ஏதாவது கிடைச்சுதா?

யூனா: எப்படிடா கிடைக்கும்? அவங்க வர்றதுக்கு முன்னாடியே, அடுப்புச் சாம்பலைத் தட்டும்போது அந்தக் கோட்டோட பித்தளைப் பித்தான் எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து ஒளிச்சு வெச்சது நான்தானே.