அரைச் சுருதி

காதில் தெளிவாக விழுந்ததை மட்டுமே எழுதுகிறேன். பிறர் துயரத்தில் என் ஊகத்தைக் கலப்பது முறையன்று. தாம்பரத்தில் புறப்பட்ட மின்தொடர் வண்டியில், அன்று மாலை ப்ளூஸ் கச்சேரிக்குச் செல்லும் கிட்டார் கலைஞர் இருவர் எதிரே அமர்ந்திருந்தனர்.

“மச்சான், ரிகர்சல்ல புதுசா பாட வந்த பொண்ணு கீழ ஸ்வரம் எட்டாம திணறுச்சே, ஏன் தெரியுமா? நாம ரெண்டு பேருமே அரை சுருதி இறக்கி வெச்சிருந்தோம்.”

“நம்ம பாடகர் நாசர் அண்ணன் தொண்டைக்காக இறக்கினது. கை பழகிப்போச்சுடா.”

“அவரு போயி நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதியாச்சு.”

“இருந்திருந்தா, ‘சுருதி பாக்குற ட்யூனர் இன்னாத்துக்குடா வெச்சுக்கினு கீறீங்க’ன்னு கேட்டிருப்பாரு.”

இருவரும் சிரித்தனர்.

“இன்னிக்கு ஏத்திடணும்டா. பாவம், அந்தப் பொண்ணு.”

“நீ மொதல்ல ஏத்து. அப்புறம் நான் ஏத்துறேன்.”

பல்லாவரத்தில் இறங்கினர். முதலில் தந்தியை முறுக்கியவர் யார், எவரேனும் முறுக்கினாரா என்பது எனக்குத் தெரியாது.