போர்வையைத் தடுத்த கை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே! அருகமர்ந்த ஆன்றோர்களே! மடியில் மழலையும் முகத்தில் மலர்ச்சியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் மேலாக, செவிலியச் சகோதரிகளே! வணக்கம்.

நான் வேதியியல் ஆசிரியன். அங்கே யாரோ எழுந்திருக்கிறார்கள்... அமருங்கள் ஐயா, தேர்வு வைக்க வரவில்லை!

பத்தொன்பது ஆண்டுகளாய்க் கரும்பலகையில் ஒரு மேட்டை வரைந்தவன் நான். அந்த மேட்டின் பெயர் கிளர்வு ஆற்றல். மூலக்கூறுகள் மோதினால் மட்டும் போதுமா? போதாது! மேட்டைத் தாண்டும் வலுவோடு மோத வேண்டும். வெப்பம் ஏறினால் தாண்டுபவை பெருகும், வேதிவினை விரையும். வெப்பம் இறங்கினால் தாண்டுபவை குறையும், வினை தளரும். ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொண்டேனா?

சென்ற ஆண்டு, இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என் மகள் பிறந்தாள். அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியதால் பிராணவாயு போதாமல் பிறந்தாள். மருத்துவர் மூச்சை மீட்டார். மீட்டவர் என்ன செய்தார் தெரியுமா? குளிர்நீர் ஓடும் மெத்தையில் கிடத்தினார். முப்பத்தாறரைக்குமேல் இருக்க வேண்டிய உடல்சூடு, முப்பத்து மூன்றரை டிகிரி செல்சியஸ்! மூன்று முழு நாட்கள்!

சக்கர நாற்காலியில் வந்த என் மனைவி, பிஞ்சுப் பாதத்தைத் தொட்டதும் துடித்துப்போனாள்.

"பிள்ள சில்லுன்னு கெடக்குதுங்க. ஒரு துணியாவது போத்துங்களேன்."

போர்வையை எடுத்தேன். ஆம், பாடம் நடத்தும் நானே எடுத்தேன்! ஒரு செவிலியர் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் சார். மூச்சு திரும்பினாலும் மூளையில சேதம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சூடு இருந்தா வேகமா ஓடும். குளிர்ல மெதுவாகும். அந்த அவகாசத்துல மூளை தேறிக்கலாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். "நெசமாங்க?"

"நெசந்தாம்மா. நான் நடத்துற பாடந்தான்."

"அப்ப அத மடிச்சு வைங்க."

மூன்று நாட்கள், அள்ளத் துடித்த கைகளைத் தன் மடியிலேயே கோத்து வைத்திருந்தாள். பெற்றவளுக்கு அதைவிடக் கடினமான வேலை உண்டா?

நான்காம் நாள் மணிக்கு அரை டிகிரியாக, அவசரமே இல்லாமல் சூடேற்றினார்கள். முப்பத்தாறரையைத் தொட்டதும் முகம் சுருங்கியது. உதடு பிதுங்கியது. அழுதாள் அவையோரே, என் மகள் அழுதாள்!

சகோதரிகளே! கற்றிருந்தும் கலங்கிய தகப்பனை நீங்கள் கடிந்தீர்களா? இல்லை. ஒதுக்கினீர்களா? இல்லை. அழுகிறவனுக்கும் விளங்கும்படி எடுத்துச் சொன்னீர்கள்! என் வகுப்பில் அந்தப் பொறுமையை நான் காட்டியிருக்கிறேனா என்று அன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள். இதோ, மேடையோரம் ஒலிபெருக்கிக் கம்பியை இழுக்கிறாளே, அவள்தான்! கம்பி அறுவதற்குள் விடைபெறுகிறேன். நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!