அம்மா கொடுத்த புகார்

வேளச்சேரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் மாநகராட்சி ஃபெலோஷிப் அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்தவள் எரிச்சலோடு சொன்னாள்:

"இன்னிக்கு எங்கம்மாவையே குளோஸ் பண்ணிட்டேன்டி."

"என்னடி உளர்ற?"

"வார்டு ஆபீஸ்ல அதான் என் வேலை. புகார் குடுத்தவங்களுக்கு போன் போட்டு, சரியாயிடுச்சான்னு கேட்டு, கம்ப்யூட்டர்ல அந்தப் புகாரை மூடணும். இன்னிக்கு லிஸ்ட்ல எங்கம்மா நம்பர். தெருவுல மழைத்தண்ணி நிக்குதாம்."

"இப்ப வடிஞ்சிடுச்சா?"

"எங்க? முட்டி வரைக்கும் நிக்குது. சார், சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் மூடியே ஆகணும்னுட்டார்."

"ஊரை மாத்தப் போறேன்னுதானே இந்த ஃபெலோஷிப்ல சேர்ந்த?"

"கடுப்பேத்தாத."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'தாராளமா மூடிக்கோ. வரும்போது செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வா'ன்னு சொல்லி போனை வெச்சிட்டாங்க."

ராஜகீழ்ப்பாக்கம் வந்தது. இறங்குவதற்குமுன் அவள் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.