சம்பந்திக்கு வாசித்த இங்கிலீஷ் மெட்டு

ஹலோ... பேண்டு மாஸ்டர் அப்துல் குத்தூஸ் பாய்ங்களா? நான் ஆர்.எஸ்.புரம் சுந்தரராஜுலு பேசறேனுங்க... ஆமாங்க, ஆமாங்க, பொண்ணு ஹர்ஷிணிக்கு நிச்சயதார்த்தந்தான். உங்க பசங்க வாசல்ல நிக்கறாங்க. ஆனா நான் சொன்ன இங்கிலீஷ் மெட்டை வாசிக்கமாட்டேங்கறாங்க. உங்களைக் கேக்கோணுமாம்...

ஏனுங்க, அது லேசுப்பட்ட மெட்டுங்களா? மாப்பிள்ளை ரோஹன் லண்டன்ல இருந்து அனுப்புன கேசட்டு. சரித்திரமே அட்டையில போட்டிருக்குது. முந்நூறு வருசத்துக்கு முன்னாடி அந்த ஊர்க் குடியானவங்க, ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க ஒரு வரிசை நின்னு ஆடுனதாமுங்க. அப்புறம் புஸ்தகத்துல அச்சாகி, துரைமாரு பங்களாவுக்கெல்லாம் போயி... என்ன? உங்க அத்தா ஊட்டி கிளப்புல துரைமாருகிட்ட கத்துக்கிட்டு வந்தாருங்களா? அதானே பார்த்தேன். கேசட்டைப் போட்டதுமே உங்க ஷாநவாஸு, "இது நம்ம மெட்டுங்க"ன்னான்...

எதுக்கு வாசிப்பீங்க?... சாவுக்கா?... மெதுவா வாசிச்சா பாடைக்கு முன்னால நடக்கத் தோதா இருக்குதுங்களா...

சரி, சரி. வேகமா வாசிக்கச் சொல்லுங்க... கேக்கறவங்க சாவுன்னு நெனைச்சுக்குவாங்களா? சனங்களுக்கு என்னங்க தெரியும், சரித்திரம் தெரியாத சனங்க. எங்க சம்பந்தி கண்ணையா அப்படியில்லீங்க, பையனை லண்டனுக்கு அனுப்புன மனுசன். அலைஞ்சு அலைஞ்சு அமைஞ்ச சம்பந்தம், இன்னைக்குத் தட்டு மாத்தியாகோணும். வாசல்ல இங்கிலீஷ்ல வரவேற்க வேண்டாமா?... இருங்க. ஷாநவாஸு, பாய் சரின்னுட்டாரப்பா, ஆரம்பி... நீங்க சொல்லலைதானுங்க. சொன்ன மாதிரி வெச்சுக்கலாம்.

கேக்குதுங்களா பாய்?... இருங்க. பெட்டிக்கடைக்காரன் எதுக்கு ஷட்டரை எறக்கறான்?... எதுத்த வீட்டம்மா வேற... அம்மணி வரலட்சுமி, ஏன் இப்படித் தலைவிரிகோலமா ஓடி வர்றீங்க? எங்க வயசான சின்னம்மா பங்காரம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க, உள்ள காப்பி குடிச்சுட்டு இருக்காங்க...

பாய், சம்பந்தி கார் வந்துபோட்டுது... எறங்கறாரு... செருப்பைக் கழட்டறாரு. துண்டை எடுத்து இடுப்புல கட்டறாரு, பாய்... தாம்பூலத் தட்டைக் காருக்குள்ளயே வெச்சுட்டாரு.

சம்பந்தி, ஏனுங்க சம்பந்தி, அது குடியானவங்க ஆட்டமுங்க...

பாய், நிறுத்தச் சொல்லுங்க... என்னது, இந்த மெட்டை எடுத்தா சுடுகாடு வரைக்கும் நிறுத்தற பழக்கமில்லீங்களா? அதுக்குத்தான் நடக்க ஆரம்பிச்சுட்டானுங்களா?... ஆமாங்க, கிளம்பிட்டானுங்க. சம்பந்தி கண்ணைத் தொடச்சுக்கிட்டே பின்னால போறாரு. தெருவே போகுதுங்க.

வெச்சர்றேனுங்க, ஓடிப் போயிப் பிடிக்கோணும்... சின்னம்மா, நீங்க செருப்பை மாட்டிக்கிட்டு எங்க கிளம்பறீங்க?... யாரு போயிட்டாங்கன்னு பார்த்துட்டு வாரீங்களா?