ரெண்டு சுண்ணாம்புக் கோடு

– நிறுத்துங்க தம்பி, வண்டியை நிறுத்துங்க. முதல்ல கீழ இறங்குங்க.

– என்னக்கா, பாம்பு கீம்பு ஏதாவதா?

– பாம்பா இருந்தா விரட்டிடலாமே. பண்ணைக்குட்டையை எங்க வெட்டியிருக்கீங்கன்னு பாருங்க. வரப்புக்கு அந்தப் பக்கம். அது எங்க அண்ணன் நிலம்.

– சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளதானேக்கா வெட்டினேன்?

– நான் போட்ட கோடு இந்தா, எலுமிச்சை மரத்துக்கிட்ட இருக்கு.

– அது மங்கிப்போய்க் கிடந்துச்சு. அந்தப் பக்கம் பளிச்சுனு இன்னொண்ணு. ரோட்டு வேலையில ரெண்டு கோடு இருந்தா புதுசுதான் கணக்கு. இஞ்சினியர் இடத்தை மாத்திட்டாருன்னு அர்த்தம். பத்து வருசமா பொக்லைன் ஓட்டுற கை, தன்னால அங்க போயிடுச்சு.

– இங்க ஏது தம்பி இஞ்சினியர்? நான் ஒருத்திதான். மூணு நாளைக்கு முன்னாடி நான் போட்டது ஒரே ஒரு கோடு.

– நல்லாத் திட்டுங்கக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

– உங்களைப் போய்த் திட்டுவேனா? வாரத்துல ஒரு நாள் லீவு. அதையும் விட்டுட்டு, நான் மாட்டைக் கறந்துட்டு வர்றதுக்குள்ள பாதி வேலையை முடிச்சிருக்கீங்க. பெத்த பிள்ளைகூட இப்படி வந்து நிக்காது.

– அட, நீங்க வேற. அந்த ரோட்டுல வெயில்ல வெந்தப்ப, எங்க ஆளுங்க பதினஞ்சு பேருக்கும் உங்க மர நிழலைத்தானே விட்டீங்க? வேற யாரும் கேட்டைக்கூடத் திறக்கலை.

– அந்த மரத்துக்குத்தான் இப்ப தண்ணி இல்லை. இந்தக் கோடைக்கு அறுபது மரமும் விறகாயிடும். சரி, அது என் தலையெழுத்து. அவர் வர்றதுக்குள்ள இந்தக் குழியை மூடிடுங்க.

– மூடி, மண்ணை இறுக்கிச் சமன் பண்ணவே சாயங்காலம் ஆயிடும். அப்புறம் உங்க பக்கம் வெட்ட நேரம் ஏது? நாளைக்கு வண்டி ரோட்டுக்குப் போயாகணும்.

– மரம் போனாப் போகட்டும். ஆறு வருசமா அவர்கூடப் பேச்சுவார்த்தை கிடையாது. நிலம் பிரிச்சப்ப நான்தான் ஒத்தக்கால்ல நின்னு இந்த வரப்பைப் போட வெச்சேன். இப்ப நானே தாண்டி வந்து தோண்டினா, அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

– ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வண்டியைத் திருப்புறப்ப அதோட பக்கெட் உங்க பக்கம் மண்ணைக் கீறிடுச்சு. வெறும் சரளை. ஊத்துற தண்ணி அப்படியே இறங்கிடும். இங்க பாருங்க, பிசுபிசுன்னு களிமண். ஒரு சொட்டு கீழ போகாது.

– களிமண்ணா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன. அது அவரோடது. போச்சு, அவரே வர்றாரு.

– ஏன் டிரைவர், வண்டி நிக்குது? டீசல் தீந்துபோச்சா?

– இல்லீங்க ஐயா, ஒரு சின்னத் தப்பு…

– மூடிடறோம்னு அவர்கிட்ட சொல்லுங்க தம்பி. மண்ணு ஒரு கூடை குறையாதுன்னு சொல்லுங்க.

– மூடச் சொன்னது யாருன்னு அந்தம்மாவைக் கேளு டிரைவர்.

– ரெண்டு பேரும் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறீங்க. நான் வண்டி ஓட்டவா, உங்க பேச்சைச் சுமக்கவா?

– ரெண்டையும் செய். இன்னும் நாலடி ஆழம் போகணும்னு சொல்லு. அந்தக் கோடு நான் போட்டது. நேத்து பொழுது சாயுறப்ப போட்டேன்.

– ஏன் போட்டாராம்? கேளுங்க தம்பி.

– சரளையில குட்டை வெட்டினா தண்ணி நிக்காது. அது அந்தம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிரிக்கிறப்பவே தெரியும். களிமண் பக்கத்தை எடுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். இப்ப வந்து சொல்ல எனக்கு மூஞ்சி இல்லை, டிரைவர். அதான் கோட்டை மட்டும் போட்டுட்டு, யாருக்கும் தெரியாம ஒதுங்கிடலாம்னு பாத்தேன். நீ நல்லபடியா வெட்டினே. உனக்குக் கோடி புண்ணியம்.

– அக்கா, நான் திருப்பிச் சொல்லணுமா?

– வேண்டாம் தம்பி, கேட்டுடுச்சு. கொஞ்சம் இருங்க, கண்ணைத் தொடைச்சுக்கறேன்.

– தண்ணி அந்தம்மா பக்கம் போக வாய்க்கால் வெட்டணும். வரப்பை எவ்வளவு அகலத்துக்கு உடைக்கலாம்னு கேளு. அவங்க போட்ட வரப்பு. கேக்காம நான் தொடமாட்டேன்.

– எவ்வளவுக்கா? ஒரு முழமா, ரெண்டு முழமா?

– முழுசா எடுத்துடலாம்ண்ணே.