ஃப்ரோசன் ஃபுட்ஸ்

டில்லியில் நல்ல வாழையிலை கிடைப்பது லேசான காரியமில்லை. கிடைத்தாலும் நடுவில் கிழிந்திருக்கும், இல்லையென்றால் வெயில் பட்டு ஓரம் சுருண்டிருக்கும். நீங்கள் திண்டிவனம் பக்கம் என்று வெளியே காவலர் சொன்னார், அதனால் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவை அத்தனையும் நுனியிலைகள். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. அதற்கு ஏற்பாடு செய்தவன் ஐயப்பன். நீங்கள் விசாரிக்கிற அதே ஐயப்பன்தான்.

தமிழ் தெரிந்த அதிகாரி கேட்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இந்தியில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது, இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இந்தியில் சொன்னால் என்ன நடந்தது என்பது மட்டும்தான் வரும். ஏன் நடந்தது என்பதைத் தமிழில்தான் என்னால் நிதானமாகச் சொல்ல முடியும்.

என் வேலை ஏற்றுமதி மேலாளர். எங்கள் நிறுவனம் எருமை இறைச்சியை எலும்பு நீக்கி, உறையவைத்து, அட்டைப்பெட்டிகளில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. நான் அந்த இறைச்சியைக் கண்ணால் பார்த்தது குறைவு, கையால் தொட்டதே இல்லை. கிடங்கின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் விலை, கப்பல், வங்கி, வாங்குபவரின் குரல். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேராது.

நாங்கள் குடியிருக்கிற மயூர் விஹாரில் எல்லோருக்கும் நான் ஃப்ரோசன் ஃபுட்ஸ் ஏற்றுமதியில் இருக்கிற சேஷன். அதில் பொய் ஒன்றுமில்லை. உறைந்த உணவு என்றால் பட்டாணி, கேரட் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை பக்கத்து ஃபிளாட் பட்டாபி, உங்கள் கம்பெனிப் பட்டாணி கொஞ்சம் கொண்டுவாருங்களேன் என்று உரிமையோடு கேட்டார். கடையில் வாங்கி, உறையைப் பிரித்து வேறு பையில் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப ருசி என்றார். என் மனைவி ஜெயலட்சுமிக்கு மட்டும் உண்மை தெரியும். அவளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் தயாராக இருக்கும். குளித்த பிறகுதான் சமையலறைப் பக்கம் போவேன்.

வியாபாரத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றொன்பதில் மலேசியாவில் ஒரு காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையாகப் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். அப்போதே நான் முதலாளியிடம் சொன்னேன், ஒரு நாட்டு மந்தையில் நோய் விழுந்தால் இன்னொரு நாட்டுக்கு ஆர்டர் வரும், நாம் தயாராக இருக்க வேண்டும் என்று. சொன்னபடியே இரண்டாயிரத்தொன்றில் ஐரோப்பாவில் மாடுகளுக்கு நோய் வந்தது. அங்கே சிதை மாதிரி அடுக்கி எரித்ததை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இறைச்சியை வாங்கிக்கொண்டிருந்த வளைகுடா வியாபாரிகள் நம் எருமை பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஃபேக்ஸ் ஓயவே இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பெரிய வியாபாரி எங்களுக்கும் ஒரு போட்டிக் கம்பெனிக்கும் ஆளுக்கொரு கன்டெய்னர் கேட்டார். எது ஒழுங்காக, நேரத்தோடு போய்ச் சேருகிறதோ அவர்களுக்கே வருஷம் முழுவதும் ஆர்டர். எங்கள் சரக்கு முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டது. அவர்களுடைய வண்டி சனிக்கிழமை கிளம்பி, உத்தரப்பிரதேச எல்லையைத் தாண்டி, துக்ளகாபாத் சரக்கு நிலையத்தில் துறைமுகத்துக்குப் போகிற ரயிலில் ஏற வேண்டும். அந்த ரயிலை விட்டால் கப்பலையும் விட்டதாகத்தான் அர்த்தம்.

ஆகவே சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போனேன். பசுவைக் காப்பாற்றுகிறோம் என்று சாலைகளில் மாடும் இறைச்சியும் ஏற்றிப்போகிற லாரிகளை மறிக்கிற ஆட்களின் எண் எங்கள் தொழிலில் எல்லோரிடமும் இருக்கும். இன்றைக்கு எந்தப் பாதையில் நிற்கிறார்கள் என்று விசாரித்து, அதைத் தவிர்த்து வண்டியை அனுப்புவோம். அது வழக்கம். நான் அன்றைக்கு அதே எண்ணுக்குப் பேசி, வண்டியின் எண்ணைச் சொல்லி, அதில் பசு மாமிசம் போகிறது என்றேன். எருமைதான் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வண்டியைப் பிடித்துவைத்து, இறைச்சியைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வர ஒரு நாளாவது ஆகும், அந்தத் தாமதம் போதும் என்பது என் கணக்கு. வியாபாரத்தில் இதைவிடக் கேவலமான வேலைகளை நாள்தோறும் செய்கிறார்கள்.

வண்டியில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் முதலில் சொன்னேன்.

வண்டி எண் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

ஐயப்பன் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன். மனைவி மஹாலட்சுமி எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள், எங்கள் வீடும் ஒன்று. புருஷனுக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவள் அழுதபோது நான்தான் அவனை எங்கள் கிடங்கில் பெட்டி தூக்கச் சேர்த்துவிட்டேன். பிறகு போட்டிக் கம்பெனியில் கூடச் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டார்கள். வண்டியோடு போய் சரக்கை ஒப்படைத்துவிட்டு வரும் வேலை. என்னிடம் வந்து, போகட்டுமா சார் என்று கேட்டுவிட்டுத்தான் போனான். அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதைதான் தொந்தரவாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் கோயிலில் நானும் சம்பந்தியாக வரப்போகிற வைத்தி அவர்களும் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தோம். மோதி பாக்கில் அரசாங்கக் குடியிருப்பில் வசித்து, ஓய்வு பெற்ற மனிதர், ஆசாரம் அதிகம், ஹோட்டலில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஐயப்பன் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டு வந்தான்.

"சார், இந்த வாரம் மட்டும் மூணு லோடு போச்சு சார். இப்படி ஒரு சீசனு நான் பாத்ததே இல்ல."

"என்ன லோடு?" என்று வைத்தி கேட்டார்.

"பட்டாணி சீசன்" என்று நான் சொன்னேன். ஐயப்பன் சிரித்தான். நான் கேலி பேசுவதாக நினைத்துக்கொண்டான். அவனுக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அதனால் மறைக்க ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். இலைக்குச் சொல்லியாகிவிட்டது, மதுரையிலிருந்து ரயிலில் வருகிறது, மஹாலட்சுமி ஞாயிறு விடியற்காலையில் ஸ்டேஷனில் போய் எடுத்துவிடுவாள் என்றான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு ஒரு வண்டி இருக்கு சார். வளைகுடாவுக்குப் போற சரக்கு. அத ரயில்ல ஏத்திட்டு நைட்டே வந்துடுவேன். ஞாயித்துக்கெழம பந்தி பூரா என் பொறுப்பு. சம்பந்தி அய்யா கிட்ட நானே சொல்லப்போறேன் சார். சார் மட்டும் கறிக் கம்பெனியில சேத்து விடலைன்னா எங்க குடும்பம் இன்னிக்கி தெருவுலதான்னு."

"அதெல்லாம் எதுக்குப்பா" என்றேன்.

"இல்ல சார். சொல்லணும் சார். நன்றி கெட்டவன்னு ஆயிடக் கூடாது."

வண்டி எண், கிளம்புகிற நேரம், போகிற பாதை எல்லாவற்றையும் நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். அவனும் சாதாரணமாகத்தான் சொன்னான்.

பந்திக்கு வராதே என்று அவனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். வாசல்வரை வந்து இத்தனை ஆசையோடு நிற்கிறவனை அப்படி முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும். சரி, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். அப்போது ஏன் என்று கேட்பான். என் சோறு எதிலிருந்து வருகிறது என்று நான் அவனிடம் வெட்கப்பட வேண்டியிருக்கும். அவன் சோறும் அதிலிருந்துதான் வருகிறது. அவன் முன்னால் நான் வெட்கப்படுவது முறையில்லை.

சனிக்கிழமை அவன் எங்காவது ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதுதான் என் நினைப்பு. திங்கட்கிழமை நானே ஜாமீனுக்கு ஆள் அனுப்பியிருப்பேன்.

இப்போது அந்த இன்னொரு அழைப்பைப் பற்றிச் சொல்கிறேன். தப்பித்து ஓடிய ஓட்டுநர் உங்களிடம் சொல்லிவிட்டான், வண்டி நின்ற இடத்துச் சாலையோர பூத்காரரும் ஒரு மதராஸி வந்து பேசினான் என்று சொல்லிவிட்டார். மறைப்பதில் பிரயோஜனமில்லை. நான் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் செல்போன் அடித்தது. பின்னால் லாரிகளின் சத்தம்.

"சார், ஐயப்பன் பேசறேன். முன்னாடி ரோட்ல கூட்டமா நிக்கறாங்க சார். எதிர்ல வர்ற லாரிக்காரன் சொல்றான். டிரைவரு வண்டியத் திருப்பிடலாங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. கம்பெனியில யாரும் போன் எடுக்கல. நீங்க சொல்லுங்க சார், என்ன பண்றது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யோசித்தேன். காவலர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் கண்ணில் படவில்லை, கம்பும் கையுமாகத்தான் நிற்கிறார்களாம் என்றான். அப்போது என் மனைவி உள்ளேயிருந்து, "ஏன்னா, வைத்தி மாமாவுக்கு மடியா தனிச் சமையல் வெச்சுடட்டுமா?" என்று கேட்டாள். வைத்துவிடு என்று அவளுக்குச் சொன்னேன். ஐயப்பன் காத்திருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது.

வண்டி திரும்பினால் அவன் ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடுவான். காலையில் பந்தியில் நிற்பான்.

"மாட்டு டாக்டர் சர்டிபிகேட் இருக்கோல்லியோ?" என்றேன்.

"இருக்கு சார்."

"எருமைன்னு தெளிவா எழுதியிருக்கு. பயப்படாம போ. எறங்கி அதைக் காட்டு. படிச்சுப் பார்த்தா விட்டுடுவா."

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்றான். பயம் போய்விட்டது குரலில் தெரிந்தது. என் வார்த்தைக்கு அவனிடம் அப்படி ஒரு பலம் இருந்தது.

அவன் சொன்னபடியே இறங்கி, காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டிக்கொண்டு போனான் என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இந்தி அவ்வளவாக வராது. பைஸா, பைஸா என்றானாம். எருமைக்கு இந்தியில் பைன்ஸ் என்று வரும், அவன் வாயில் அது நுழையாது. எதைச் சொல்லியிருந்தாலும் அங்கே யாரும் கேட்கிற நிலையில் இல்லை. மற்றதை நீங்கள் பிணவறையில் பார்த்திருக்கிறீர்கள், நான் பார்க்கவில்லை.

எங்கள் அலுவலகத்திலிருந்து சாயங்காலமே தகவல் வந்தது. வண்டி எரிந்தது, ஒருத்தன் போய்விட்டான் என்றார்கள். முதலாளி ஆர்டரைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அது மனதில் பதியவில்லை. கையில் தாம்பூலப் பை இருந்தது, அதற்குள் தேங்காய் வைக்க மறந்திருந்தேன். வைத்தேன்.

ஞாயிறு விடிந்ததும் மஹாலட்சுமி இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ரயில் நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"சார், அவரு ராத்திரி வரல. உங்களுக்குப் போன் எதுனா பண்ணாரா?"

"சரக்கு ஏத்துறதுல லேட்டாகியிருக்கும்" என்றேன். உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொன்னேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் காலையிலேயே அதைச் சொல்வது எப்படிச் சரியாகும் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் அன்றைக்கு முழுதும் வேலை பார்த்தாள். வைத்தி கைகழுவிவிட்டு, டில்லியில் இப்படி இலை எங்கே பிடித்தீர்கள் சேஷன் என்று கேட்டார். தெரிந்த பையன் ஒருத்தன் என்றேன். எல்லோரும் கிளம்பின பிறகு, எச்சிலிலைகளை அவள் எடுத்து முடித்த பிறகு, கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என் காலில்தான் விழுந்தாள். எங்களுக்கு இனிமே உங்களை விட்டா யாரு சார் இருக்காங்க என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில்தான் வேலை பார்க்கிறாள். மாதம் பிறந்தால் கூடுதலாகவே கொடுக்கிறோம்.

இவ்வளவுதான். வண்டியைக் காட்டிக்கொடுத்தது நான். அவன் திரும்பிவிடக்கூடும் என்று தெரிந்து, கூட்டம் நிற்பதும் தெரிந்து, போ என்று சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. அடுத்த மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறது, இது பேப்பரில் வரலாம். காரணம் என்று கேட்டால் வியாபாரப் போட்டி என்றே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வியாபாரம் என்கிற இடத்தில் மட்டும் இறைச்சி என்று வேண்டாம், ஃப்ரோசன் ஃபுட்ஸ் என்று போடுங்கள்.