பச்சைக் குடைக்குப் பின்னால் வந்தவர்கள் குறித்து

என் பெயர் சலோந்தாய் பிரோஷ்கா. வயது ஐம்பத்து நான்கு. தனியாக வசிக்கிறேன். முகவரி புடாபெஸ்ட் ஏழாம் வட்டம், கயிற்றுக்காரர் தெரு, இரண்டாம் மாடி, முற்றத்தைப் பார்த்த வீடு. தொழில், மேலே மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டுவது. தற்சமயம் ஓட்டவில்லை. குடித்திருக்கிறேனா என்று ஊதச் சொன்னார்கள், ஊதினேன், ஒன்றுமில்லை என்று காட்டியது. என் கண் சிவந்திருப்பதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் முன்பு தச்சுப்பட்டறை இருந்தது. இப்போது பாராந்தி சிலார்த் என்பவரின் மதுக்கூடம் இருக்கிறது. டிக்கெட் போட்டு வெளிநாட்டு இளைஞர்களைக் கூட்டமாக நான்கு மதுக்கூடங்களுக்கு அழைத்துப்போய், கடைசியில் நடனக்கூடத்தில் விடும் கம்பெனியும் அவருடையதுதான். எங்கள் முற்றம் அதில் மூன்றாவது இடம். கூட்டம் வாசலுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி உதட்டில் விரல் வைத்து, இது குடியிருப்பு, சத்தம் போடாதீர்கள் என்பார். உடனே அத்தனை பேரும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு ஒரே குரலில் "உஷ்ஷ்ஷ்" என்பார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த உஷ்ஷில் நான் எழுந்துவிடுவேன். அதற்கப்புறம் பாட்டு.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வேலையில் இருந்தபோது, நாற்சந்தியில் பஸ் கூரையில் மின்சாரம் எடுக்கும் கொம்பு கம்பியிலிருந்து கழன்று வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, வண்டி செத்துப் போச்சு, நீங்க இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தேன். யாருக்கும் அடியில்லை. பணிமனையில் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாளை திங்கட்கிழமை காலை மருத்துவக் குழுவின் முன் நான் போய் நிற்க வேண்டும். விளக்கு எரியும்போது பொத்தானை அழுத்தும் சோதனை வைப்பார்கள். தேறினால் மறுபடி வண்டி, தேறாவிட்டால் ஓய்வு வயது வரை பணிமனையில் தரை துடைக்க வேண்டியதுதான். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது. ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால் தேறிவிடுவேன்.

அதற்கு முன்பே, வசந்த காலத் தொடக்கத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பாராந்தியிடம் நேரிலேயே சொன்னேன். "மனுஷி தூங்க வேண்டாமா சார்? காலையில எனக்கு வேலை இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க மேல இருந்து கேக்கறதாலதான் அது சத்தமாத் தெரியுது. ஒரு நாள் இறங்கி வந்து கூட நடந்து பாருங்க, அப்புறம் நீங்களே பாடுவீங்க" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதன் பிறகு காவல் துறைக்குப் பலமுறை தொலைபேசியில் சொன்னேன். வண்டி வரும் என்றார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொல்கிறேன்.

சம்பவ தினமான நேற்று சனிக்கிழமை மாலை, கூட்டம் சேரும் சதுக்கத்துக்குப் போய் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் பெயர் கின்சோ. டெப்ரெட்சனிலிருந்து படிக்க வந்த பெண், கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கையில் பச்சைக் குடை, அதன் கம்பிகளில் சின்ன விளக்குகள். இன்று ஒருநாள் மட்டும் எங்கள் முற்றத்தை விட்டுவிடும்மா என்று கேட்டேன். "அது என் கையில இல்லம்மா. நாலு இடம்னு சொல்லித்தான் டிக்கெட் விக்கறோம். ஒண்ணு குறைஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க" என்றாள். அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. எப்படியும் விழித்திருக்கப் போகிறேன், படுத்து விழித்திருப்பதை நடந்து விழித்திருப்போம் என்று நானும் ஒரு டிக்கெட் வாங்கினேன். இறங்கி வந்து பாருங்க என்று பாராந்தி விடுத்த அழைப்பும் மனதில் இருந்தது. மணிக்கட்டில் காகிதப்பட்டை ஒட்டினார்கள். இப்போதும் இருக்கிறது, கழற்ற வரவில்லை.

கிளம்பும் முன் கின்சோ எல்லோருக்கும் ஒரே ஒரு விதி சொன்னாள். குடை எங்கேயோ அங்கே நீங்கள், என் முகத்தைப் பார்க்காதீர்கள், குடையைப் பாருங்கள் என்பதே அந்த விதி. எனக்கு ஆங்கிலம் போதாது. அதை எனக்குச் சொன்னவர் சொங்கோர் என்ற இளைஞர். எல்லைக்கு அப்பாலுள்ள கொலோஷ்வார்காரர், ஆனாலும் நம் மொழி பேசுகிறவர், இங்கிலாந்தில் வேலை. சீக்கிரம் கல்யாணம் ஆகப்போகிறவர், அதற்கு முந்தைய கும்மாளம் இது. நண்பர்கள் அவருக்குக் கொண்டை, வால் எல்லாம் வைத்த சேவல் உடுப்பு மாட்டி அழைத்து வந்திருந்தார்கள். "நீங்க யாரு கல்யாணத்துக்கும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு வரல தம்பி, என் தூக்கத்தோட எழவுக்கு வந்திருக்கேன்" என்றேன். அதன் பிறகு அவர் என்னை விட்டு நகரவில்லை.

முதல் இடத்தில் எனக்கு ராஸ்பெரி சர்பத் கொடுத்தார்கள். மற்றவர்கள் பீர்க் கோப்பைகளை மோதிக் குடித்தார்கள். நம் நாட்டில் பீர்க் கோப்பையை மோதும் வழக்கமில்லை, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது இடத்தில் உட்கார நாற்காலி இல்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருத்தி என் தலைமுடி அழகாக இருப்பதாகச் சைகை காட்டினாள். மேலேயிருந்து கேட்கும்போது அவர்களுக்கு முகம் இருக்கவில்லை. அதற்காக எனக்குத் தூக்கம் வந்துவிடவும் இல்லை.

அதன் பிறகு இரண்டாவது இடத்திலிருந்து வெளியே வந்தபோது, கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். கின்சோ அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தில் நிதானமாக இருந்தது நான் ஒருத்திதான். "அம்மா, ஒரு நிமிஷம் இதப் புடிங்க" என்று குடையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தண்ணீர் குடிக்க உள்ளே அழைத்துப் போனாள். குடையை நான் பறித்ததாக என் மேல் உள்ள புகாரில் இருப்பது தவறு. கின்சோ செய்தது வழிகாட்டியின் வேலை, அவள் மேல் குற்றமில்லை.

அப்போது பால் வண்டியோ பீர் வண்டியோ ஒன்று வந்தது. அதற்கு வழிவிட நான் இரண்டடி நகர்ந்தேன். கூட்டமும் இரண்டடி நகர்ந்தது. நான் எதிர்ப்பக்கம் போனேன், அவர்களும் எதிர்ப்பக்கம் வந்தார்கள். இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனவள் நான். பின்னால் ஆள் இருந்தால் முன்னால் போவதுதான் என் உடம்புக்குத் தெரியும். தெருமுனைக்கு வந்துவிட்டோம். வலப்பக்கம் திரும்பினால் எங்கள் தெரு, எங்கள் முற்றம், என் ஜன்னல். இடப்பக்கம் திரும்பினால் பெருவீதி. நான் இடப்பக்கம் திரும்பினேன். அந்த இடத்தில் எனக்கு வேறு திட்டம் எதுவும் கிடையாது என்று உறுதியாகச் சொல்கிறேன். என் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான்.

பெருவீதியில் இரவெல்லாம் ஓடும் ஆறாம் எண் டிராம் வந்தது. தண்டவாளத்தை மறித்து நிற்கக்கூடாதே என்று ஏறினேன், எல்லோரும் ஏறினார்கள். டிராம் ஓட்டியவர் எனக்குப் பழக்கம். "என்ன பிரோஷ்கா, பஸ்ஸைப் புடுங்கிட்டாங்கன்னு ஆளுங்களைக் கையோட கூட்டிட்டுச் சுத்தறியா?" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலிருந்தது. பாலத்தைத் தாண்டும்போதுதான் பாராந்தியின் வீடு ஆற்றின் அக்கரையில், புடாவின் மலைப்பக்கம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. புகார்க் கடிதங்களை அந்த முகவரிக்குத்தான் அனுப்பியிருந்தேன். ஞாபகம் வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

டிராமை விட்டு இறங்கி மலைத்தெருவில் ஏறினோம். அங்கே இலை விழுந்தால் கேட்கும். போகும்போதே சொங்கோரிடம், இங்கே ஒரு வீட்டு ஜன்னலடியில் பாட வேண்டும் என்றேன். "வாத்தியார் வீட்டு முன்னாடி பாடுவோமே, அந்த மாதிரியா?" என்றார். படிப்பு முடிக்கும் பிள்ளைகள் ராத்திரியில் ஆசிரியர் வீட்டு ஜன்னலடியில் போய்ப் பாடுவதும், ஆசிரியர் ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றிவைப்பதும் அவர்கள் ஊரிலும் உண்டு. விளக்கு எரிந்தால் பாட்டை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுத் தின்னக் கொடுக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். அந்த மாதிரிதான் என்றேன். அவர் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

பாராந்தி வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் பழக்கதோஷத்தில் உதட்டில் விரல் வைத்தேன். அத்தனை பேரும் "உஷ்ஷ்ஷ்" என்றார்கள். அதன் பிறகு பாடினார்கள். சனிக்கிழமை தோறும் என் ஜன்னலடியில் பாடும் அதே பாட்டு. அதன் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், பொருள் தெரியாது. நானும் பாடினேனா என்று கேட்டதற்கு, பாடினேன்.

மாடி ஜன்னலில் மெழுகுவத்தி எரிந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் கவுன் மேல் கோட்டு போட்ட ஒரு வயதான அம்மாள் இறங்கி வந்து, சாவி போட்டு வாசல் கதவைத் தானே திறந்தார். பாராந்தியின் தாயார் மக்தோல்னா அம்மாள், பள்ளி ஆசிரியையாக இருந்தவராம். அந்த வீட்டில் அவர் இருப்பது எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த வருஷத்துப் பசங்கடா நீங்க?" என்று கேட்டார். சேவல் உடுப்பில் இருந்த சொங்கோர் கொண்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வருஷம்தான் டீச்சர்" என்றார். அம்மாள், "நீ ஒருத்தன்தான் மாறவே இல்ல" என்று சொல்லி எல்லோரையும் தோட்டத்துக்குள் கூப்பிட்டு, ஒரு தட்டு நிறைய உப்பு ரொட்டி கொண்டுவந்து வைத்தார். அத்துமீறி நுழைந்ததாகச் சொல்வதற்கு இதுதான் என் பதில். விளக்கு வைத்துக் கதவைத் திறந்த வீட்டுக்குள் போவது அத்துமீறல் ஆகாது. அந்த அம்மாளை ஏமாற்ற வேண்டும் என்று நான் போகவில்லை. ஏமாந்தார் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. இன்னொரு தரம் பாடச் சொன்னார், பாடினார்கள்.

இரண்டாம் தரம் பாடும்போது பாராந்தி இரவு உடையில் வெளியே ஓடி வந்தார். "மனுஷன் தூங்க வேண்டாமா? காலையில எனக்கு வேலை இருக்கு!" என்று கத்தினார். அவருடைய தாயார், "கத்தாதடா சிலார்த், பசங்க பாடறாங்க" என்றார். அவர் என்னைப் பார்த்தார், என் மணிக்கட்டில் இருந்த தன் கம்பெனிப் பட்டையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன், ஆனால் உட்கார வேண்டும் போலிருந்தது. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் தொலைபேசியை எடுத்தார். பாட்டு முடிவதற்குள் காவல் வண்டி வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஒருமுறைகூட வராத வண்டி இது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் கின்சோ வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். போகிற வழியெல்லாம் சொங்கோர் அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். திட்டுவாள் என்று நினைத்தேன். குடையை வாங்கி மடக்கினாள். "நாலு இடம்னு சொன்னோம், இது மூணாவது, கணக்கு சரியாத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு, ஒரு உப்பு ரொட்டியை எடுத்துத் தின்றாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை போலிருக்கிறது. மற்றவர்களை அங்கேயே காவலர்கள் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். என்னை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டேன். மலையிலிருந்து இந்த நிலையம் வரைக்கும்தான். மார்ச்சுக்கு அப்புறம் அப்படித் தூங்கியதில்லை.

இப்போது நான் வீட்டுக்குப் போகலாம் என்றும், கூப்பிடும்போது வர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் முற்றத்தில் இந்நேரம் வேறு கூட்டம் இருக்கும். வருகிற வழியில் இந்த நிலையத்தின் பின்கட்டில் ஒரு காவல் அறை காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஜன்னல் மரத்தைப் பார்த்து இருக்கிறது. சட்டத்தில் இடமிருந்தால் நாளைக் காலை சோதனைக்குப் போகும்வரை என்னை அதில் அடைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கதவைப் பூட்டினாலும் சரி, பூட்டாவிட்டாலும் சரி, சாத்தினால் போதும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடுவில் இரண்டு இடத்தில் கண் அயர்ந்ததால் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நடந்தது இதுதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: கையொப்பம் பெறப் பேனா கொடுத்தபோது மேற்படி சலோந்தாய் பிரோஷ்கா மேசை மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கையொப்பம் அவர் எழுந்த பிறகு, ஞாயிறு மாலையில் பெறப்பட்டது.